டிரைவர் சார் வரலையா

மார்பு எக்ஸ்ரே எடுக்கும் அறையில் நாள் முழுக்க "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் அந்த மருத்துவமனையில் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட மூத்த வார்டு ஊழியர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுடைய அண்ணன் நகரப் பேருந்து ஓட்டினார். ஒருநாள் காலை டிப்போவில், வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்னால், ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. செய்தி வந்தபோது மூச்சக்கா ஒரு பெரியவரின் தோள்களைப் பலகையோடு ஒட்டி நிறுத்திக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்துக் கேட்டாள். "சரி" என்றாள். போனைப் பையில் போட்டுவிட்டு, பெரியவரின் தாடையைச் சற்றுத் தூக்கிவைத்து, படத்தை எடுத்து முடித்தாள். படம் நன்றாக வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ஈயக் கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மேற்பார்வையாளரிடம் போனாள்.

"எங்க அண்ணன் போயிட்டாராம். நான் கிளம்பணும்."

அவர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. "பேரியம் குடிக்க வெச்சு எடுக்கிற கேஸ் ஒண்ணு பாக்கி இருக்கு, யாரையாவது பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்றும் அழவில்லை, அடுத்த நாளும் அழவில்லை. வந்த உறவினர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். "அண்ணன் அண்ணன்னு உயிரை விடுவா. இப்ப பாரு, ஒரு சொட்டு வரல." அது அவள் காதிலும் விழுந்தது. அவர்கள் சொன்னதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், கன்னம் கைக்குத் தெரியும், கன்னத்துக்குக் கை தெரியாது. அவளுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். யாராவது ஆறுதல் சொன்னால் நன்றி சொன்னாள்.

அண்ணி அதற்கு நேர்மாறு. சோப்புப் பெட்டியைத் திறந்தால் அழுவாள், ஷூ ஸ்டாண்டைப் பார்த்தால் அழுவாள். நாத்தனாருக்கும் அவளுக்கும் ஒருகாலத்திலும் சண்டை வந்ததில்லை, ஒட்டுதலும் வந்ததில்லை. புருஷன் மனசில் இருப்பதையெல்லாம் தங்கச்சியிடம்தான் கொட்டுகிறார் என்று அண்ணிக்கு ஒரு தாங்கல். அண்ணனைப் பார்க்க அவர் வீட்டுக்கே அண்ணியைக் கேட்டுக்கொண்டு போகவேண்டியிருக்கிறது என்று மூச்சக்காவுக்கு ஒரு தாங்கல். இருவரும் அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட அண்ணிதான் ஒரு வாரக்கடைசியில் போன் பண்ணினாள்.

"அவரோட அந்தப் படக் கூடத்து மெம்பர் கார்டு இருக்குல்ல. இன்னும் கொஞ்ச மாசம் செல்லும்போல. வீட்டுலேர்ந்து ரெண்டு பேர் போகலாம்னு போட்டிருக்கு. சும்மா வீணாப் போகுதேன்னு பாத்தேன்."

அந்த அட்டையை அவர் வாங்கிய அன்று, "சுவத்துல மாட்டுன படத்தைப் பாக்கக் காசா?" என்று வீட்டையே இரண்டாக்கியவள் அவள்தான்.

அண்ணனுக்கு அந்தப் பழக்கம் வந்த கதை வேடிக்கையானது. அவர் ஓட்டிய வண்டி கடைசியாக வந்து திரும்பும் இடம் அந்தக் கலைக்கூடத்தின் வாசல். மறுபடி கிளம்புவதற்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் உள்ளே போய்வருவார். "கக்கூஸ் சுத்தமா இருக்கும்மா, அதுக்குத்தான் போனேன்" என்று தங்கச்சியிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார். ஒருநாள் வெளியே வரும்போது கதவு மாறி, புகைப்படங்கள் மாட்டியிருந்த கூடத்துக்குள் போய்விட்டார். அன்றைக்குப் பயணிகள் வண்டியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்களாம். அதற்குப் பிறகு லீவு நாளிலும் போக ஆரம்பித்தார். பார்த்ததையெல்லாம் தங்கச்சி வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்து சொல்வார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாதிக் காதில் கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். கண்ணாடிக் கதவு, மெழுகு போட்டுத் தேய்த்த தரை, சத்தம் போட்டால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களோ என்கிற அமைதி. முதலில் ஓவியங்கள் இருந்த பெரிய அறைகள். அண்ணி ஒவ்வொரு படத்தின் முன்னாலும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதியில் விட்டுப் போனால் வந்ததற்கு நியாயம் இருக்காது என்பதுபோல. மூச்சக்கா மனித உருவங்களின் காறை எலும்புகளைப் பார்த்தாள். பட்டுடை அணிந்த ஒரு சீமாட்டியின் முன்னால் நின்று, "தோள் சாஞ்சிருக்கு. திரும்ப எடுக்கணும்" என்றாள். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

புகைப்படக் கூடத்தின் வாசலில் நீலக் கோட்டு போட்ட காவல்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அட்டையை வாங்கிப் பார்த்தவள் முகம் மலர்ந்தது.

"இது டிரைவர் சார் கார்டாச்சே. நீங்க அவர் வீட்டம்மாவா? இவங்க எக்ஸ்ரே எடுக்கிற தங்கச்சி, சரிதானே? சார் வரலையா?"

மூச்சக்கா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"டியூட்டி. ஞாயித்துக்கிழமையும் வண்டி ஓட்டணும்ல" என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவந்தார்கள். அண்ணி அதைப் பற்றிப் பேசவில்லை. மூச்சக்காவும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறும் போனார்கள், அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு தடவையும் காவல்காரம்மா விசாரிப்பாள். அண்ணிக்குப் பதில் கைவந்துவிட்டது. அவரை வேறு ரூட்டில் போட்டுவிட்டார்கள். அவருக்கு ஜலதோஷம். தலைக்கு டை அடிக்க ஆரம்பித்திருக்கிறார், காது ஓரமெல்லாம் கறுப்பு. சொல்லும்போது அண்ணியின் குரலில் நிஜமான எரிச்சலும் செல்லமும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்திரி போட்ட உடையோடு வந்தாள். அன்று மட்டும் அழுவதில்லை. படங்களை நிதானமாகப் பார்க்கவும் தொடங்கியிருந்தாள். கடல் வரைந்த ஒரு ஓவியத்தின் அருகே போய், "தண்ணியில எத்தனை கலர் போட்டிருக்கான் பாரேன், தூரத்துலேர்ந்து பாத்தா ஒரே நீலம்" என்றாள். மூச்சக்கா பார்த்தாள். நிறங்கள் இருந்தன. அவ்வளவுதான்.

ஒரு வாரம் அண்ணிக்குக் காய்ச்சல். "நீ போயிட்டு வா, கார்டு வீணாகுது" என்று பிடிவாதமாக அனுப்பிவைத்தாள். மூச்சக்கா தனியாகப் போனாள்.

காவல்காரம்மா அவளுக்காகவே காத்திருந்தவள்போல எழுந்துவந்து, சுவரோரம் சாய்த்துவைத்திருந்த ஒரு நீளச் சுருளை நீட்டினாள்.

"போன வருஷக் கண்காட்சி போஸ்டர். ஸ்டோர் ரூமைக் காலி பண்றாங்க, குப்பையில போடப்போனாங்க. சாருக்கு இந்தப் படம்னா உசுரு. நான் கேட்டு வாங்கி வெச்சேன். என்னையும் வேற எடம் மாத்தப்போறாங்கன்னு பேச்சு அடிபடுது. அவரைப் பாக்க முடியுமோ என்னவோ, நீங்களே குடுத்துடுங்க. நான் குடுத்தேன்னு சொல்லுங்க."

மூச்சக்கா கையை நீட்டினாள். சுருளைத் தொட்டாள், வாங்கவில்லை.

"அவர் இறந்துட்டாருங்க" என்றாள். "நாங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே. டிப்போவுல, வண்டிக்குள்ளயே."

ரிப்போர்ட் வாசிப்பதுபோல அது வெளியே வந்தது. காவல்காரம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. தோள்கள் குலுங்கின. பார்வையாளர்கள் இருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு படத்துக்கு நகர்ந்தார்கள். தன் அண்ணனுக்காக யாரோ ஒருத்தி இப்படி அழுவதை மூச்சக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"மூச்சை இழுங்க" என்றாள். "விடுங்க. இன்னொரு தடவை."

சற்றுத் தெளிந்ததும் காவல்காரம்மா கேட்டாள். "அப்ப அந்தம்மா சொன்னதெல்லாம்?"

"அவங்களுக்கு அப்படிச் சொல்லத் தோணுச்சு."

"சுருளை எடுத்துட்டுப் போங்க" என்றாள் காவல்காரம்மா. "என்னால இதை வெச்சுக்க முடியாது."

மூச்சக்கா நேராக அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். சுருளைக் கதவோரம் நிறுத்திவிட்டு நடந்ததைச் சொன்னாள். அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். முதலில் புரியாததுபோலப் பார்த்தாள்.

"உன்கிட்ட யார் சொல்லச் சொன்னா?"

"வேற என்ன பண்றது அண்ணி. அவருக்குக் குடுங்கன்னு நீட்டுறாங்க."

"வாங்கிட்டு வந்திருக்கலாம்ல. ஒரு வார்த்தை சொல்லாம வாங்கிட்டு வந்திருக்கலாம்ல." அண்ணியின் குரல் உயரவில்லை. "இந்த ஊர்ல அந்த ஒரு வாசல்லதான் அவர் இருந்தார். நான் போனா எப்படி இருக்கார்னு கேக்க ஒரு ஆள் இருந்துச்சு. அதையும் முடிச்சிட்ட. உனக்கென்ன, நீ அன்னைக்கே படம் எடுத்து முடிச்சிட்டுத்தானே வந்த."

மேற்பார்வையாளர் யாரிடமோ சொல்லி, அது அண்ணி வரை வந்திருக்கிறது. அண்ணி சொன்னது எங்கேயோ போய்ப் பட்டது என்பது மூச்சக்காவுக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. மேஜைமேல் மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துவைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அதன்பிறகு பல வாரங்கள் பேச்சில்லை. மூச்சக்கா வேலைக்குப் போனாள், வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்தாள். வெங்காயம் நறுக்கும்போது மட்டும் சமையலறையில் யாரும் பேசாதது காதுக்கு உறைத்தது.

ஒரு சாயங்காலம் அண்ணியே போன் பண்ணினாள். எடுத்ததும் பீடிகை எதுவும் போடவில்லை.

"அந்தச் சுருளைப் பிரிச்சேன். இதுல ஒண்ணுமே இல்லையேம்மா. வெறும் ரோடு. ரெண்டு பக்கமும் கட்டடம், நடுவுல ஒரு வண்டிகூட இல்ல, ஒரு ஆள்கூட இல்ல. இதையா உசுருன்னு சொன்னாங்க?"

மூச்சக்காவுக்கு அந்தப் படம் தெரியும். அண்ணன் சமையலறையில் உட்கார்ந்து சொன்ன படம் அது.

"'காலி ரோடு, தங்கச்சி. டிரைவருக்கு வேற என்ன வேணும்'னு சொல்வார் அண்ணி. ஒருத்தன் ஹாரன் அடிக்கல, ஒருத்தன் குறுக்கே வரல, நான் போய் அதுக்குள்ள கொஞ்ச நேரம் வண்டி ஓட்டிட்டு வர்றேன்னு."

அந்தப் பக்கம் அண்ணி சிரித்தாள். சிரித்துச் சிரித்து அழுகையில் போய் முடித்தாள். மூச்சக்கா போனைப் பிடித்தபடி நின்றாள். அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அன்னைக்குச் சொன்னதை மனசுல வெச்சுக்காதே" என்றாள்.

"இல்ல அண்ணி."

"இதெல்லாம் என்கிட்ட ஒண்ணும் சொல்லமாட்டார்."

"நான் கேட்டதை எல்லாம் சொல்றேன். பாதிதான் காதுல வாங்கினேன்."

அந்த ஞாயிறு மறுபடியும் போனார்கள். கூடத்து வாசல் நெருங்க நெருங்க அண்ணியின் நடை தயங்கியது. காவல்காரம்மாவை இன்னும் இடம் மாற்றவில்லை. எழுந்துவந்து அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள் அண்ணி.

"நீங்க சொன்னதெல்லாம் எனக்குக் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. டை அடிச்சார்னதை மட்டும் நான் நம்பல."

உள்ளே புதிய கண்காட்சி மாட்டியிருந்தார்கள். அண்ணி வழக்கம்போல முதல் படத்திலிருந்து வரிசையாகத் தொடங்கினாள். இப்போதெல்லாம் படத்துக்குக் கீழே எழுதியிருப்பதையும் விடாமல் வாசிப்பாள். மூச்சக்கா எங்கும் நிற்காமல் நடந்து, மூலையில் இருந்த ஒரு சின்னப் புகைப்படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். ஏதோ ஒரு அலுவலக நடைக்கூடம். மழை நாளாக இருக்கவேண்டும். காய்வதற்காக விரித்துவைத்த குடைகள், சுவர் முதல் சுவர் வரை, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. குடைகளுக்கு நடுவில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், கையில் கோப்போடு ஒருவன் ஒற்றைக்காலில் நின்றான்.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அண்ணன் அதைப் பார்த்ததில்லை, அதைப் பற்றி அவர் சொன்னது என்று எதுவும் இல்லை. அழுகை வரவில்லை. அது அவளுக்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் அந்த இடத்தை விட்டு நகர மனமில்லாமல் இருந்தது.

அண்ணி ஒரு சுற்று முடித்துவிட்டு வந்தாள். "அடுத்த ரூமுக்குப் போலாமா?"

"நீங்க போங்க அண்ணி. நான் இதைக் கொஞ்சம் பாத்துட்டு வர்றேன்."

அண்ணி குடைகளைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.