பனி ஏறிய கூரை

கைசு ரௌத்தியோ என்பவள் பயந்த சுபாவக்காரி என்பது வடகோடிக் குளிர் ஊரான ஔலுவின் ஸ்கேட்போர்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவளும் அதை மறைத்ததில்லை. வயது நாற்பத்தொன்று. பார்சல் கிடங்கில் வேலை. பதினேழு வயதிலிருந்து பலகை ஓட்டுகிறாள், ஆனாலும் சரிவின் உச்சியில் நின்றால் மூன்று முறை மூச்சை இழுத்து விட்டுத்தான் இறங்குவாள்.

"மூணுதான் இலவசம். நாலாவது மூச்சுக்கு வரி கட்டணும்" என்பான் இல்போ. குழாய் வேலை செய்பவன், அவளுக்கு இருபது வருட சிநேகிதன்.

அக்டோபரில் தெரு உறைந்தால் ஏப்ரல்வரை வெளியே சக்கரம் உருளாது. அதனால் இல்போவும் கைசுவும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து, ஆற்றோரம் சும்மா கிடந்த மரக்கிடங்கு ஒன்றில் ஒட்டுப்பலகையால் சரிவுகள் கட்டி ஓட்டி வந்தார்கள். உள்ளே கணப்பு கிடையாது. கையுறையோடுதான் ஓட்டுவார்கள். விழுந்தால் குளிரில் வலி எலும்புவரை ஏறும்.

அந்தப் பிப்ரவரியில் மூன்று வாரம் விடாமல் பனி கொட்டியது. பிறகு திடீரென்று குளிர் தணிந்து, பனியின் மேலேயே மழை பெய்தது; கூரைகளில் ஏறிய பனி ஊறிக் கனத்தது. அதற்கடுத்த ஞாயிறு மதியம் ஆறு பேரும் கிடங்குக்கு வந்து, காற்று வராமல் பெரிய இரும்புக் கதவைத் தள்ளி மூடிக்கொண்டார்கள்.

சக்கரங்களின் இரைச்சலில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் காப்பி குடிக்க நின்றபோதுதான் கைசுவின் காதில் விழுந்தது. மேலே, 'டிக்' என்று ஒரு சத்தம். சிறிது நேரம் கழித்து இன்னொன்று.

"இல்போ, கூரை சத்தம் போடுது."

"மரம்னா குளிர்ல முனகத்தான் செய்யும். நீ முனகல?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் வீட்டில் வேலை இருக்கிறது என்று ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுக் கதவருகே போனாள். தள்ளினாள். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒற்றைக் கையால் மூடிய கதவு அது.

இல்போ சிரித்துக்கொண்டே உதவிக்கு வந்தான். அவனாலும் முடியவில்லை. கதவின் மேல்விளிம்பைப் பார்த்தான். மேலிருந்த உத்திரம் வளைந்து, கதவை அழுத்திப் பிடித்திருந்தது. அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"யாரும் ஓடாதீங்க. யாரும் குதிக்காதீங்க" என்றான் மெதுவாக.

வெளியேற இருந்த ஒரே வழி பின்பக்க ஜன்னல். அதை எட்ட வேண்டுமானால் பெரிய சரிவின் மேடை மேல் ஏற வேண்டும். அந்த மேடை, சத்தம் வந்த உத்திரத்துக்கு நேர் கீழே இருந்தது. இல்போவின் எடைக்கு மேடை அதிரும். ஆறு பேரில் கைசுதான் ஒல்லி. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

பலகையை இடுக்கிக்கொண்டு முட்டி போட்டு ஏறினாள். மேலே நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று நினைத்தவள், பார்த்துவிட்டாள். உத்திரத்தில் நீளமாக ஒரு பிளவு, உள்ளே மரம் புத்தம்புதிதாக வெளுத்துத் தெரிந்தது. பலகையின் நுனியால் கண்ணாடியை உடைத்தாள். மேடையில் கிடந்த விரிப்பைச் சட்டத்தின் மேல் போட்டுவிட்டு, "ஒவ்வொருத்தரா வாங்க" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

முதலில் கைசுவும், பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகவும் ஜன்னல் வழியாக வெளியே உயரக் குவிந்திருந்த பனியில் விழுந்தார்கள். கடைசியாக வந்த இல்போ இடுப்பில் சிக்கிக்கொண்டான். மேலே மறுபடி 'டிக்'. கைசு வெளியிலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது, ஆள் வந்து சேர்ந்தான்.

கூரை அன்று விழவில்லை. செவ்வாய்க்கிழமை பார்க்க வந்த பொறியாளர், கிடங்குக்குள் காலெடுத்து வைக்கவே மறுத்துவிட்டார். மார்ச்சில் அதை இடித்தார்கள்.

கைசு ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. பார்சல் கிடங்கின் உயரக் கூரையின் கீழ் நிற்கவே முடியவில்லை. மற்ற ஐவரும் ஒரு நிலத்தடி வாகன நிறுத்தத்தில் அனுமதி வாங்கி ஓட்டத் தொடங்கினார்கள். முதல் ஞாயிறு அவள் பலகையைக் கையில் பிடித்தபடி வெளிவாசல் பக்கமே நின்றுவிட்டுத் திரும்பினாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். இல்போ அவள் பக்கத்தில் வந்து நின்று காப்பி ஊற்றிக் கொடுத்தான்.

மூன்றாவது ஞாயிறு, வாசலுக்கு மிக அருகில், பத்தடி தூரம் ஓட்டினாள்.