பெயர் வர வேண்டிய இடம்

எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பெயர் கிடையாது. அம்மாவுக்கு அவர் 'அவிய', அவ்வளவுதான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் பெயர் கேட்டால் அம்மா என்னை முன்னால் தள்ளிவிடுவாள். நாங்கள் குடியிருந்த கட்கியில் எதிர்வீட்டு மராத்தி அத்தைக்கும் (காக்கு என்றுதான் கூப்பிடுவோம்) இதே கட்டுப்பாடுதான். ஆனால் அவர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். உகாணா என்று இரண்டு வரிப் பாட்டு. கல்யாணமாகி வருகிற பெண்ணை வாசலில் மறித்துக்கொண்டு, பெயரைச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்பார்கள். அவளும் புருஷன் பெயரைப் பாட்டுக்குள் வைத்துச் சொல்லிவிட்டு உள்ளே போவாள். பாட்டில் சொன்னால் குற்றமில்லை.

ஆகவே, எங்கள் சமையலறையில் சித்தி உகாணா முணுமுணுப்பதைக் கேட்டபோது நான் கதவோரம் நின்றுவிட்டேன். சித்திக்குத்தான் கல்யாணமே ஆகவில்லையே!

சித்தி அம்மாவின் தங்கை. திருநெல்வேலியில் தமிழ் படித்துவிட்டு, எங்களோடு தங்கி விஷ்ராந்த்வாடியில் ஓர் ஆபீஸுக்குப் போய்வந்தாள். கொஞ்ச காலத்திலேயே காக்குவைவிட வேகமாக மராத்தி பேசினாள். பாட்டில் பெயர் வர வேண்டிய இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று தாண்டிவிடுவாள். யார் அந்த 'ம்ம்'?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எவன் பேருட்டி அது? கூடவே திரிஞ்சு கேட்டுட்டு வா. அவியளுக்குத் தெரிஞ்சா நாளைக்கே ஊருக்கு ரயிலேத்தி விட்ருவாவ."

ஊரில் ஒரு மாமன் மகன் தயாராக இருந்தார். சித்தி போய்விடக் கூடாதே என்று எனக்குப் பயம். துப்பறியும் ஆசையும் விடவில்லை. தெரிந்த ஆண்களின் பெயர்களையெல்லாம் அந்த 'ம்ம்'மில் வைத்துப் பார்த்தேன். பால்காரர் இடித்தார். மாடிவீட்டு அண்ணன் வழிந்தார். மெடிக்கல் கடைக்காரர் கச்சிதமாகப் பொருந்தினார், ஆனால் அவருக்குப் பல்லே கிடையாது. அம்மா என்னைவிட ஒரு படி மேலேயே சந்தேகப்பட்டாள். சித்தி தலைக்குக் குளித்தாலும் சந்தேகம், குளிக்காவிட்டாலும் சந்தேகம்.

காக்குவின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. மருமகளை வாசலில் மறித்தார்கள். அவள் சொன்ன உகாணாவைக் கேட்டதும் நான் அம்மாவின் கையைக் கிள்ளினேன். அது சித்தியின் பாட்டு! மற்றவர்களின் உகாணாவில் வரிகளின் முடிவில்தான் ஓசை ஒத்துப்போகும். சித்தி கட்டியதில் தமிழ்ப் பாட்டு மாதிரி தொடக்கத்திலும் எதுகை விழும். 'ம்ம்' இருந்த இடத்தில் காக்கு மகனின் பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் சித்தியின் உதடும் கூடவே அசைந்தது.

"கல்யாணப் பொண்ணுக்குப் பாட்டுக் கட்டிக் குடுக்கதுக்கா இந்தப் பூடகம்?" என்றாள் அம்மா.

"முன்னாலயே வெளிய தெரிஞ்சா பொண்ணுக்கு அவமானம்லா, அக்கா. இன்னும் நாலு பேரு கேட்டிருக்காளுவ."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று இரண்டு ஜிலேபி கூடச் சாப்பிட்டாள்.

அந்த நாலு பேரின் பாட்டுகளும் அவரவர் வாசலில் கேட்டாயிற்று. சித்தி முணுமுணுத்ததில் ஒன்று மட்டும் வேறு யார் வாயிலும் வரவில்லை. 'கட்கியில் லோக்கல் ரயில் நிற்பது கண் இமைக்கும் நேரம். அதற்குள் ஜன்னலில் ம்ம் தெரிந்தால் போதும் எனக்கு' என்பது அதன் பொருள். அதில் 'ம்ம்' மிகவும் சின்னது.

அடுத்த தையில் திருநெல்வேலியில் சித்திக்கும் மாமன் மகனுக்கும் கல்யாணம். அங்கே வாசலில் யாரும் மறிக்கவில்லை, பாட்டும் கேட்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சித்தி எனக்குப் பூ வைத்துவிடும்போது கேட்டேன்.

"லோக்கல் பாட்டைச் சொல்லேன் சித்தி. ஆனா மாப்பிள்ளைக்குச் சங்கரலிங்கம்னு அவ்வளவு நீளப் பேரு, அது அதுல எப்படி நுழையும்?"

"நுழையாதுட்டி," என்றாள் சித்தி. பூவைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

ஊரார் பெண்களுக்கெல்லாம் அளவாகக் கட்டிக் கொடுத்தவள், தன் பாட்டில் போய் அளவைத் தப்பவிட்டுவிட்டாளே என்று அன்று முழுவதும் எனக்கு வருத்தமாக இருந்தது.