மூன்றாவது கவர்

சின்ன வேலைகளுக்கு மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டும் என்பது விதி. வாய்க்கால் மேல் ஒரு சிலாப் போடுவதானாலும் சரி, குற்றால சீசனுக்கு பிளீச்சிங் பவுடர் வாங்குவதானாலும் சரி, மூன்று பேர் தனித்தனியாக விலை எழுதி மூன்று கவரில் ஒட்டித் தர வேண்டும். எல்லார் முன்னிலையிலும் பிரித்துப் படித்து, யார் விலை குறைவோ அவருக்கு வேலை. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் நான் இளநிலை உதவியாளராகப் போய்ச் சேர்ந்தபோது, அந்த மூன்று கவரையும் ஒரே ஆள்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

அவரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். வேலை அவருக்குத்தான் என்பது முன்பே பேசி முடிந்திருக்கும். மற்ற இரண்டும் துணைக் கவர், வெறும் கண்துடைப்பு. ஒன்று அவருடைய மைத்துனர் பெயரில் வரும். மூன்றாவது கவர், அண்ணாச்சியோடு சேர்ந்து தொழில் செய்த சுந்தரபாண்டியபுரத்துக்காரர் ஒருவர் பெயரில் வரும். அந்த மனிதர் நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடமே காணாமல் போயிருந்தார். சிற்றாற்றில் ஒரு படித்துறை வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார். மலையில் மழை பெய்து திடீரென்று தண்ணீர் வந்திருக்கிறது. கரையில் அவருடைய பைக் நின்றது, ஆள் கிடைக்கவில்லை. அவருடைய லெட்டர்பேடு கட்டும் ரப்பர் ஸ்டாம்பும் மட்டும் அண்ணாச்சியின் குடோனில் தங்கிவிட்டன.

"பேடு சும்மாதான கெடக்கு, தங்கச்சி. நம்ம ஆளு பேராவது புழங்கட்டுமே" என்றார் அண்ணாச்சி. அதில் உண்மையான பிரியமும் இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

தணிக்கைக்கு வந்தவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, மூன்று விலைப்புள்ளியும் ஒரே கையால் எழுதப்பட்டிருக்கின்றன என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார்கள். இனிமேல் ஒழுங்காக மூன்று பேரிடம் கேளுங்கள் என்பது அதன் பொருள். எங்கள் அலுவலகம் அதை மூன்று கை வேண்டும் என்று புரிந்துகொண்டது. மூன்றாவது கை என்னுடையது ஆயிற்று. புதிதாகச் சேர்ந்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும், மறுத்துப் பேசத் தெரியாது. பழைய கோப்பு ஒன்றை எடுத்து, காணாமல் போனவரின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு முழுத் தாளில் பழகினேன். இரண்டாம் பக்கத்துக்கு வேலையே இல்லை, அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது. கெட்டிக்காரி என்று அண்ணாச்சி பாராட்டினார், நானும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

கவர் பிரிப்பது பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்கு. சாரல் காலத்தில் அந்த நேரத்திலேயே அறை இருட்டிக் கிடக்கும், டியூப்லைட் போட்டுத்தான் உட்காருவோம். செயல் அலுவலர் தலையாட்டியதும் நான் ஒவ்வொரு பெயராகப் படிப்பேன். படித்ததும், அந்த ஆளோ அவர் சார்பில் வந்தவரோ "உண்டு" என்று சொல்ல வேண்டும். மூன்று பெயருக்கும் அண்ணாச்சியே உண்டு சொல்வார். ஆற்றோடு போன ஒருவரின் பெயரை முதல் சில தடவை முணுமுணுப்பாகத்தான் படித்தேன். பிறகு பழகிவிட்டது. ஒரு முறை அந்தப் பெயரைப் படித்தேன், "உண்டு" என்று குரல் வந்தது, நான் டிக் அடித்தேன். நிமிர்ந்தால் அண்ணாச்சி வாய் நிறைய வெற்றிலையோடு ஜன்னலருகே துப்பப் போய்க்கொண்டிருந்தார். செயல் அலுவலர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் சொன்னது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கொக்கி விழத் தொடங்கியது. கையெழுத்தின் கடைசி எழுத்திலிருந்து கீழே இறங்கி இடப்பக்கம் வளையும் ஒரு சின்னக் கொக்கி. நான் பார்த்துப் பழகிய கோப்பில் அது கிடையாது. வேண்டுமென்றே அதை விட்டுவிட்டுப் போட்டுப் பார்த்தேன், பேனா தானாக இறங்கி வளைந்தது. கை சோம்பல்பட்டுவிட்டது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்படியே ஆறு சீசன் ஓடியது. போன வருடம் தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சுந்தரபாண்டியபுரத்துக்காரரை ஏழு வருடமாகக் காணவில்லை, அவரை இறந்தவராகக் கருத வேண்டும் என்று மனைவி மனுப் போட்டிருக்கிறார். இந்த ஏழு வருடத்தில் அவர் உங்கள் அலுவலகத்தோடு ஏதாவது தொடர்பு வைத்திருந்தாரா என்று கேட்டிருந்தார்கள். பீரோவைத் திறந்தேன். வருடம் தவறாமல் அவர் வந்திருந்தார். தெருவிளக்குக்கு, குடிநீர்க் குழாய்க்கு, வாய்க்கால் தூர்வாருவதற்கு என்று எல்லாவற்றுக்கும் விலை சொல்லியிருந்தார். எங்கள் காகிதங்களின்படி அந்த ஊரிலேயே அவரைப்போல் ஒழுங்காக வந்து போன மனிதர் இல்லை.

கோப்புகளை மேசையில் பரப்பி வைத்திருந்தபோதே மனுப் போட்ட அந்த அம்மாள் வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். வீடு கணவர் பேரில் இருக்கிறது, ஒரு பக்கச் சுவர் போன மழையில் விழுந்துவிட்டது. வாரிசுச் சான்று இருந்தால்தான் வீட்டுத் திட்டத்தில் பேர் சேர்ப்பார்களாம். "ஒங்க ஆபீஸ்ல ஒரு பதில் தந்தா முடிஞ்சிரும்னாக, யம்மா" என்றவர், பேச்சை நிறுத்தினார். மேசை மேல் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது அவுக போட்டதுல்லா?"

நான் தாளைக் கவிழ்த்தேன். அவர் அதைத் திருப்பிவைத்தார்.

"எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. அவுக கையெழுத்து மட்டும் தெரியும். கல்லு விழுந்து விரல் நசுங்கிச்சு, அவுக போறதுக்குப் பத்து நாளைக்கு முன்ன. அதுக்கு அப்புறந்தான் இந்தக் கொக்கி இப்படி இழுக்கும். பேனா நிக்க மாட்டேங்குதுன்னு சொல்லுவாக." விரலால் கொக்கியைத் தடவினார். "இங்கன வந்துட்டுப் போறாகளா? என்கிட்ட வராம, இங்கன மட்டும் வாராகளா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உண்மையைச் சொல்லவும்தான் தைரியம் இல்லை, ஆனால் அது வாயை விட்டு வந்துவிட்டது. "அக்கா, அவர் வரல. அது எல்லாம் நான் போட்டது" என்றேன். அவர் நம்பவில்லை. அப்படியானால் போட்டுக் காட்டு என்றார். ஒரு வெள்ளைத் தாளை இழுத்து அவர் கண் முன்னாலேயே போட்டேன். கொக்கி இறங்கி வளைந்து நின்றது.

அவர் என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒங்க கையிலயா வாராக?" என்றார், மெதுவாக. "எங்கன கெடக்காகன்னு கேட்டு எழுதுங்கம்மா."

அறையில் வேறு யாரும் இல்லை. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று இருந்தது. அவ்வளவு பயம், பயத்தைவிட அசிங்கம். பேனாவை எடுத்தேன். அந்தத் தாளிலேயே, தாசில்தாருக்குப் போக வேண்டிய பதிலை எழுதினேன். மேற்படி நபர் இந்த ஏழு ஆண்டுகளில் இந்த அலுவலகத்துக்கு ஒருமுறையும் வந்ததில்லை, அவர் பெயரில் உள்ள விலைப்புள்ளிகளும் கையெழுத்துகளும் என்னால் எழுதப்பட்டவை என்று எழுதி, கீழே என் சொந்தக் கையெழுத்தைப் போட்டேன். பின்னால் அந்தத் தாள் என் சம்பள உயர்வை நிறுத்தியது, என்னை வேறு ஊருக்கு மாற்றியது, அண்ணாச்சியை ஒப்பந்ததாரர் பட்டியலிலிருந்து எடுத்தது. அந்த அம்மாளுக்குச் சான்றிதழும் கிடைத்தது.

ஆனால் அப்போது அவர் என் பேனா நிற்கும்வரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதியிருக்காக?"

நான் எழுதியது என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை.

"போயிட்டேன்னு எழுதியிருக்காக, அக்கா."

"அவுகளேவா சொல்லுதாக?"

"அவுகளேதான்."

அந்தத் தாளின் மேல் உள்ளங்கையை வைத்தார். அழவில்லை.

"ஏழு வருசமா ராத்திரிச் சோத்துல அவுகளுக்கு ஒரு தட்டு எடுத்து வச்சிட்டுத்தான் திங்கேன்" என்றார். "இனி வைக்க வேண்டாம்லா?"

வேண்டாம் என்றேன்.