ஏழாம் வரிசைக் கிழங்கு

இது நடந்தது இந்த வருஷம் தை மாதக் கடைசியில், வடமதுரைக்குப் பக்கத்தில் ஒரு மரவள்ளித் தோட்டத்தில். 

திண்டுக்கல்லில் எனக்குச் சிப்ஸ் கடை. நேந்திரம், உருளை எல்லாம் போட்டாலும் கூட்டம் வருவது மரவள்ளிச் சிப்ஸுக்குத்தான். இரண்டு மூன்று வருஷமாகக் கிழங்கு ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். இரண்டு ரகங்களைக் கலந்து புது ரகம் உருவாக்குவது அவர் வேலை. ஆராய்ச்சிப் பண்ணையில் விளைந்தால் மட்டும் போதாது, பயிர் செய்கிறவர், சமைக்கிறவர், பொரிக்கிறவர் எல்லாரும் கூடித் தேர்ந்தெடுத்தால்தான் ஒரு ரகம் ஊரில் நிற்கும் என்பார். பெயர் இல்லாமல் எண் மட்டும் எழுதிய பைகளில் கிழங்கு கொண்டுவருவார். நான் பொரித்துப் பார்த்து, எது சிவக்கிறது, எது எண்ணெய் குடிக்கிறது, எது மறுநாளும் மொறுமொறுப்பாக இருக்கிறது என்று சொல்வேன். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தச் சனிக்கிழமை தோட்டத்திலேயே கிழங்கு பிடுங்கி, அங்கேயே அவித்து, பொரித்து, தின்று பார்த்து ஓட்டுப் போடுவதாக ஏற்பாடு. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வெயில், பாம்பு, மூடாத கிணறு என்று நான் காட்டிய பயம் எதுவும் அவளிடம் எடுபடவில்லை.

தோட்டத்துச் சொந்தக்கார அம்மா எங்களைப் பார்த்ததும், "வாங்க பாய், சட்டியத் தூக்கிட்டே வந்துட்டீகளா? மகளா இது? இம்புட்டு ஒல்லியா இருக்கு, சிப்ஸ் எல்லாம் ஊருக்கு மட்டுந்தானா?" என்று வரவேற்றார். ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு ரகம். முனையில் எண் எழுதிய தகடு தொங்கியது. சில வரிசைகளில் இலைகள் மஞ்சள் பூத்துச் சுருண்டிருந்தன. அது தேமல் நோய் என்றும், அது வந்தால் கிழங்கு விரல் தடிமன்கூடத் தேறாது என்றும் ஆராய்ச்சியாளர் காட்டிச் சொன்னார். ஏழாம் வரிசை மட்டும் கருகருவென்று நின்றது.

என் மகள் அவரை விடவில்லை. "குச்சியத்தான நட்டு வளக்குறாங்க? அப்புறம் எப்படி ரெண்டு செடியச் சேப்பீங்க?" என்றாள். மரவள்ளியும் பூக்கும், யாரும் நின்று பார்ப்பதில்லை என்றார் அவர். பெண் பூ விரிவதற்கு முன்னால் துணிப்பை கட்டி, வேறொரு செடியின் மகரந்தத்தைக் கையால் தடவி, காய் வெடித்து விதை சிதறாமல் காத்து, அந்த விதையை முளைக்கவைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்தோடு வருமாம். நூற்றுக்கணக்கில் முளைத்தாலும் ஒன்றிரண்டுதான் தேறுமாம். நானும் கரண்டியைப் பிடித்தபடி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கிழங்கு சீவியும் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

மோட்டார் அறைக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டினோம். ஏழாம் வரிசைக் கிழங்கைச் சீவி எண்ணெயில் போட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று மிதந்து வந்தது. இதைத்தான் இவ்வளவு நாளாகத் தேடினோம் என்று தோன்றியது. ஒவ்வொரு குவியலுக்கு முன்னாலும் ஒரு சட்டி வைத்திருந்தார்கள். பிடித்த ரகத்தின் சட்டியில் புளியங்கொட்டை போட வேண்டும். ஏழாவது சட்டியில்தான் சடசடவென்று விழுந்தது. ஆராய்ச்சியாளர் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

கிழங்கு பிடுங்கிய பெண்கள் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தோலை உரித்துப் பச்சையாகவே கடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் என் மகள். நான் பார்த்தேன். பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். புதுக்கிழங்கைப் பச்சையாகக் கடிப்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். மூட்டை இறங்கும்போது நானே எத்தனையோ முறை கடித்திருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் தள்ளாடிக்கொண்டே வந்தாள். "அத்தா, தலை சுத்துது" என்றவள், என் காலடியிலேயே வாந்தி எடுத்தாள்.

வெயில் என்றுதான் நினைத்தேன். ஆராய்ச்சியாளர் ஓடிவந்து, "என்ன சாப்பிட்ட? எந்தக் குவியல்?" என்று கேட்டார். அவள் ஏழாவதைக் கை காட்டினாள். "மொதல்ல இனிச்சுச்சு. அப்புறம் அடித்தொண்டையில கசந்துச்சு. அவங்க எல்லாம் வேற கெழங்கு தின்னாங்க. இது பெருசா இருந்துச்சுன்னு நான் எடுத்தேன்."

அவர் முகம் வெளுத்துப் போனது. "பச்சையாவா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். அடுத்த நிமிஷம் அவர் ஜீப்பில் நாங்கள் திண்டுக்கல்லை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

மரவள்ளியில் விஷம் உண்டு என்று எனக்குத் தெரியும். கசக்கிற கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்கு, இனிக்கிற கிழங்கு வீட்டுக்கு என்கிற அளவில்தான் தெரியும். இப்போது அந்த விஷம் என் மகளின் உடம்புக்குள் இருந்தது. என் மடியில் தலை வைத்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள், "கெழங்குக்கு எதுக்கு அத்தா விஷம்?"

 ஆராய்ச்சியாளர்தான் டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து திரும்பி, "அதுக்கு ஓட முடியாதுல்ல? எலியும் பூச்சியும் வந்தா வேற எப்படித் தப்பிக்கும்?" என்றார். "அப்ப நான் எலியா?" என்றாள் இவள். அவர் சிரிக்க முயன்றார். தூங்கவிடாமல் ஏதாவது கேட்டுக்கொண்டே வந்தார். பதில்கள் சுருங்கிக்கொண்டே போயின. ஒரு கட்டத்தில் பதிலே வரவில்லை. நான் அவள் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். மருத்துவமனை வாசல் வந்ததும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை.

அங்கே ஆராய்ச்சியாளர் எதையும் பூசி மெழுகவில்லை. இது நாங்கள் சோதனைக்கு வளர்த்த கிழங்கு, பச்சையாகத் தின்றிருக்கிறாள், இன்ன விஷமாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் நேராகச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதால்தான் உடனே சரியான சிகிச்சை தொடங்க முடிந்தது என்றும், வாந்தி எடுத்ததும் நல்லதாகப் போயிற்று என்றும் மருத்துவர் பிறகு சொன்னார். பொழுது சாயும்போது மகள் கண் விழித்து, தண்ணீர் கேட்டாள். என் மனைவி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

மகள் வீட்டுக்கு வந்த பிறகு ஆராய்ச்சியாளர் பார்க்க வந்தார். வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்துக் கோபத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது வேறு. எல்லாரையும் கூட்டி, நடந்ததைச் சொல்ல வேண்டும், அதற்கு எங்கள் சம்மதம் வேண்டும் என்றார். அந்தக் கிழங்கைச் சோதித்தும் பார்த்திருந்தார். நீர் பாய்ச்சி வளர்த்த பண்ணையில் இதே ரகத்தில் விஷம் குறைவாகத்தான் இருந்ததாம். இங்கே மழை பொய்த்த வருஷத்தில், காய்ந்த மண்ணில் அது ஏறிவிட்டதாம். ஒரே குச்சி, மண் மாறினால் குணம் மாறுகிறது. கோபத்துக்கு நடுவிலும் நான் அதை ஆச்சரியத்தோடு கேட்டேன்.

மறுபடியும் அதே தோட்டத்தில் கூடினோம். நான் மகளின் கையை விடவே இல்லை. "வேகவச்சா எப்படி இருக்கும், பொரிச்சா எப்படி இருக்கும்னு எல்லாம் கேட்டோம். பச்சையாத் தின்னுவீங்களான்னு நான் ஒருநாளும் கேக்கலையே" என்றார் ஆராய்ச்சியாளர்.

"நல்லாக் கேட்டீக போங்க" என்றார் தோட்டத்து அம்மா. "கெழங்கு புடுங்குறவ பச்சையாக் கடிக்காம என்ன செய்வா? சோத்துக்கு வீட்டுக்கா ஓடுவா? இதெல்லாம் ஒரு சேதின்னு ஒங்கக்கிட்டச் சொல்லணும்னு எங்களுக்கும் தோணலையே." பிறகு என் மகளின் தலையைத் தடவி, "எம்புள்ளைக தின்னுருந்தாலும் இதே கதிதான் தாயி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நன்றாகச் சீவிக் கழுவிப் பொரித்தால் ஏழாம் ரகம் சிப்ஸுக்கு ஆகாதா என்று ஒருவர் கேட்டார். என்னைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். "பொரிக்கிறது நான். அதுக்கு முன்னாடி தோட்டத்துல கடிக்கிறது யாரு புள்ளையோ" என்றேன். ஏழாம் ரகத்தை விவசாயிகளுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவானது. ஆனால் அதைத் தூக்கி எறியவும் இல்லை. தேமலைத் தாங்கும் அதன் பலத்தை, வறட்சியிலும் கசக்காத ஒரு நாட்டு ரகத்தோடு சேர்க்கப்போகிறார்கள். இனி எந்த ரகமானாலும், மழை இல்லாத நிலத்தில் வளர்த்து, பச்சைக் கிழங்கின் விஷத்தைச் சோதித்த பிறகுதான் சட்டியும் புளியங்கொட்டையும் வருமாம்.

புது ரகம் வர எத்தனை வருஷம் ஆகும் என்று மகள் கேட்டாள். "நீ காலேஜ் முடிச்சிருப்ப" என்றார் அவர்.

அந்தப் புது ரகம் வந்த பிறகு எந்தப் பிள்ளையோ அதன் கிழங்கை உரித்துக் கடித்துவிட்டு, ஒன்றும் ஆகாமல் விளையாடப் போகும். என் மகள் பட்ட பாட்டால் அந்தப் பிள்ளை பிழைக்கும் என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அது உண்மைதான், ஆனாலும் அந்த ஜீப்பில் அவள் பதில் பேசாமல் கிடந்த நேரத்தை நினைக்கும்போது, நடந்தது நல்லதுக்குத்தான் என்று சொல்ல இந்த அப்பன் மனம் இன்னும் சம்மதிக்கவில்லை.