தியோஸ்கோரோவின் வெறும் மணல்

கடலுக்கடியில் பதினைந்து மீட்டர் ஆழத்தில், முதுகில் காற்று உருளையோடு, மணலில் முழங்கையை ஊன்றிக் குப்புறக் கிடக்கிறார் தியோஸ்கோரோ. மூச்சை மெல்ல விடுகிறார். பக்கத்தில் படுத்திருக்கும் வெளிநாட்டு விருந்தாளி காலை ஆட்டினால் முறைக்கிறார். பத்து நிமிடம் போனால்தான் முதல் தோட்ட விலாங்கு மீன் தன் மணல் வளையிலிருந்து விரல் உயரத்துக்குத் தலை நீட்டும். பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் சரிவு முழுவதும் நாற்றங்கால் மாதிரி அசையும். வாலை மணலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நீரோட்டத்தில் வரும் துணுக்குகளைக் கொத்தித் தின்னும். யாராவது கையை நீட்டினால் போதும், மொத்தமும் உள்ளே.

படகில் ஏறியதும் ஈரம் சொட்டச் சொட்டக் கேட்பார்: "பாத்தீங்கல்ல? இருந்துச்சில்ல?" ஆமாம் என்று சொல்லும்வரை விடமாட்டார். விருந்தாளிகளுக்கு அது வேடிக்கை. படகோட்டும் எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன், மீன் பெருகட்டும் என்று எங்கள் ஊர் கடலுக்குள் சிமெண்டுக் கூண்டுகளை இறக்கியது. இடம் பார்க்க இவரைத்தான் அனுப்பினார்கள். குதித்தார், விறுவிறுவென ஒரு சுற்று நீந்தினார், மேலே வந்தார். "வெறும் மணல்தான், போடுங்கடா." கயிற்றை விட்டவன் நான். மறுவாரம் மீன் எண்ணப் போனபோது, கூண்டுகளின் இடுக்கில் மிஞ்சிய மணலில் நான்கைந்து விலாங்குகள் ஆடிக்கொண்டிருந்தன. தன்னைக் கண்டு ஒளிந்துகொண்ட ஒரு கூட்டத்தையே இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

கள்ளுக்கடையில் இன்னும் விடமாட்டார்கள். "வெறும்மணல் வர்றாரு. பெஞ்சு காலியா இருக்குன்னு நம்ம மடியில உக்காந்துடப் போறாரு, நகருங்கடா." அவர் தலையைக் குனிந்துகொள்வார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். கயிறு பிடித்த கையை யாரும் கேட்கவில்லை, அதனால் சிரிக்க முடிந்தது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

போன வியாழன் இன்னும் பத்துக் கூண்டு வந்தது. தெற்குச் சரிவைப் பார்த்துவர தியோஸ்கோரோவையே அனுப்பினார் ஊர்த் தலைவர் அபுண்டியோ. ஐம்பது நிமிடம் ஆயிற்று. வெயிலில் எல்லோரும் அவரைத் திட்டித் தீர்த்த பிறகுதான் தலை தெரிந்தது.

"இருக்கா, இல்லையா?" என்றார் தலைவர்.

"ஒண்ணுகூட வெளிய வரல. ஆனா யாரும் இல்லேன்னு இன்னொரு தடவ நான் சொல்லமாட்டேன்."

"அப்ப நான் சொல்றேன். எறக்குங்கடா."

தியோஸ்கோரோ படகின் விளிம்பைப் பிடித்தார். மூச்சு வாங்க ஏறிவந்து, கூண்டைக் கட்டியிருந்த கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, முதல் கூண்டின் மேல் உட்கார்ந்தார்.