கவிஞருக்கு வைத்த பொட்டு

1. சரஸ்வதி பூசையன்று

“அக்கா, மேல கிடக்கிற உந்தப் புத்தகம் ஆற்றை?” என்று யோகன் கேட்டான். அவன் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த ரெக்ஸ்டேலில் ஒரு புத்தகப் பைண்டிங் கடையில் எனக்கு வேலை. நான் தையல் மேசை, யோகன் கட்டிங் மெஷின். முதலாளி இத்தாலிக்காரர், ‘பொஸ்’ என்போம். வேலை செய்த தமிழர் நாலைந்து பேருமாகச் சரஸ்வதி பூசை வைக்க அனுமதி கேட்டோம். “புகை மட்டும் வேண்டாம். ஃபயர் அலாம் அடித்தால் உங்களைத்தான் பிடிப்பேன்” என்றார். ஆகவே கற்பூரம் இல்லை. கடலை உண்டு. அதில் பாதியைச் சாப்பிட்டவரும் அவர்தான்.

ஊசி, பசை வாளி, கட்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்த யோகன், படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த புத்தகங்களில் மேலே இருந்ததற்கும் நல்ல பெரிய பொட்டாக வைத்திருந்தான். வைத்த பிறகுதான் கேட்கிறான், ஆருடையது என்று! அது ஹெலனுடையது. ஒரு நூலகத்தின் அரிய நூல்களுக்குப் பொறுப்பானவர் அவர். அந்தக் கிழமைக் கடைசியில் கண்காட்சிக்கு வைக்கவேண்டிய புத்தகம். அன்று பின்னேரம் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

2. எரித்தவர்

மெல்லிய புத்தகம், வெளிறிய தோல் அட்டை. முதுகில் தையல் விட்டுப்போய் வந்தது. எதைத் தைத்தாலும் அது என்னவென்று அறியாவிட்டால் எனக்குக் கை ஓடாது. கொண்டுவந்த அன்றே ஹெலனைக் கேட்டுத் துளைத்துவிட்டேன்.

விக்டோரியா மகாராணி காலத்துக் கவிஞராம். இளம் வயதில் எழுதிய இந்தத் தொகுப்பை வாங்கியவர்கள் மிகச் சிலர். பிறகு சஞ்சிகைகளில் விமர்சனம் எழுதத் தொடங்கினார். அவர் பேனாவை எடுத்தால் மற்றக் கவிஞர்களுக்கு நித்திரை வராது. கவிதையை எப்படி வாசிப்பது என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவர். அவருடைய தடித்த கட்டுரைத் தொகுதிகள் இன்றைக்கும் பாடமாக இருக்கின்றன. பெயர் வந்ததும் தன் கவிதைப் புத்தகத்தைத் தேடித்தேடி வாங்கி அடுப்பில் போட்டாராம்.

“எழுதினவரேயா?” என்று கேட்டேன்.

“அவரேதான். கவிதை மற்றவர்களுக்கு முன்னால் அழக்கூடாது என்பது அவருடைய கொள்கை. எனக்குத் தெரிய எரியாமல் தப்பியது இது ஒன்றுதான்” என்றார் ஹெலன்.

மதியச் சாப்பாட்டு நேரங்களில் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். இறந்துபோன தங்கையின் கையுறைகளைப் பற்றி ஒரு கவிதை. ஒரு கையுறை அவளுடைய விரல்கள் மாதிரியே மடிந்து கிடக்கிறது. எனக்குக் கண் கலங்கியது. செத்தவீட்டில் வாய்விட்டுப் பாடி அழுகிற எங்களுக்கு அந்த மனிதரின் நியாயம் விளங்கவில்லை. இதைப்போய் எரிக்க எப்படி மனம் வந்தது? அவர்மீது கோபம்கூட வந்தது.

3. மேலே இருந்தது

யோகன் ஈரத்துணியோடு ஓடிவந்தான்.

“கை வையாதை! தண்ணி பட்டால் தோல் முழுக்கச் சிவந்திடும்!” என்று கத்தினேன்.

காய்ந்த தூரிகையால் குங்குமத்தைத் தட்டி எடுத்தேன். சந்தனம் தோலில் ஊறிவிட்டது. அட்டையின் ஒரு ஓரத்தில் மஞ்சள் வட்டமும் அதற்குள் இளஞ்சிவப்பும் அப்படியே நின்றன.

“அக்கா, வேலை போனால் நான் துலைஞ்சன். மனுசியை இஞ்ச கூப்பிடுற ஸ்பொன்சருக்கு பொஸ்ஸின்ரை வேலைக் கடிதம் வேணும். அவள் கொழும்பில ரெண்டு வருஷமாக் காத்துக்கொண்டிருக்கிறாள்.”

பொஸ் வந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. “பழைய கறை என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவன் நாளைக்கு வரத் தேவையில்லை.”

ஹெலன் வந்து புத்தகத்தை வெளிச்சத்தில் திருப்பினார். “இது என்ன?”

நான் வாயைத் திறக்கமுன் யோகன் முன்னே வந்து, உடைந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். “நான்தான் மேடம். இன்றைக்கு எங்களுக்குப் பூசை. வேலை செய்கிற சாமானுக்கும் புத்தகத்துக்கும் பொட்டு வைத்துக் கும்பிடுவோம்.”

ஹெலனின் முகம் சிவந்தது. கதிரையை இழுத்து இருந்துவிட்டார். “எல்லாப் புத்தகத்துக்கும் வைத்தாயா?”

“இல்லை மேடம். மேலே இருந்ததுக்கு மட்டும்.”

அட, அறுவானே, ‘இதுதான் உயர்ந்தது’ என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்று மனதுக்குள் திட்டினேன். ஹெலன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் புத்தகம் ஒரு நாளும் எங்கேயும் மேலே இருந்ததில்லை” என்றார். பிறகு பொஸ்ஸிடம் திரும்பி, “இனி என் புத்தகங்களைப் பூட்டி வையுங்கள். இவரை ஒன்றும் செய்யவேண்டாம். கறையில் இனி யாரும் கை வைக்கவும் கூடாது” என்றார்.

பொஸ் கடிதம் கொடுத்தார். அடுத்த வருடம் யோகனின் மனைவி வந்து சேர்ந்தாள். அவர்கள் இருவரையும் நான்தான் அந்த நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். கண்காட்சி முடிந்த பிறகும் கண்ணாடிப் பெட்டிக்குள், தடித்த கட்டுரைத் தொகுதிகளுக்கெல்லாம் மேல் தட்டில், அந்த மெல்லிய புத்தகம் தனியே இருந்தது. கீழே ஒரு சிறிய அட்டை: ‘ஆசிரியரே எரித்த தொகுப்பில் தப்பிய பிரதி. முகப்பில் சந்தனமும் குங்குமமும்: இதைப் பழுதுபார்த்தவர்கள் செய்த வணக்கம்.’

பைண்டிங் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பூசைக்கு முன் வாடிக்கையாளரின் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பிழை வந்தால், கேட்கமுன் சொல்லிவிடுங்கள்.

அன்று நூலகத்தில் யோகனின் மனைவி கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தாள்.

“உந்தப் பொட்டாலயோ நான் கொழும்பிலயே கிடக்கப் பாத்தனான்?”

“ஓம்” என்றான் யோகன்.

“வைச்சதுதான் வைச்சியள், கொஞ்சம் நடுவில வைச்சிருக்கலாம்” என்றாள்.