முளை கிள்ளிய வீரன்

எண்பதுகளின் நடுவில், ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு ஜூலை மாதக் குளிர்கால மழையில் முழுக்க நனைந்தே கிடந்தது. விசா அக்டோபரோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நாளும் அம்மா குசினிக்குள் போய் எதையாவது கழுவுவார்.

அப்பாவோ விதைக்கு உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார். தெருக்கோடியில் இரவல் வாங்கிய தோட்டத்துண்டில் சனிக்கிழமைகளில் மழைக்குள் நின்று வாய்க்கால் வெட்டுவார். வந்து, கோழிமுட்டை அளவுக் கிழங்குகளைப் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பார். தேறியவை முட்டைத் தட்டில் ஏறி, ஜன்னலோரம் வெளிச்சத்தில் பச்சை பிடித்து முளைவிட்டன. தேறாதவை கறியாயின.

அந்த வாரம்தான் டீச்சர், பச்சை பிடித்து முளைத்த கிழங்கு நஞ்சு என்றார். முதல்நாள் இரண்டு தரம் கறி போட்டுத் தின்றவன் நான். பள்ளி முடியும்வரை மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி இருந்தேன். என் கிரிக்கெட் துடுப்பு தங்கைக்கு என்று கொப்பியில் உயில்கூட எழுதினேன். பிறகு, சாகாத கோபத்தில் வீட்டுக்கு ஓடி, நாற்பது கிழங்கிலும் ஒரு முளை விடாமல் கிள்ளி எறிந்தேன். குடும்பத்தைக் காப்பாற்றிய வீரனாக அப்பாவுக்குக் காத்திருந்தேன்.

அப்பா ஈரச் சப்பாத்தோடு தட்டின் முன் நின்றார்.

“என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?”

“நஞ்சு அப்பா. டீச்சர் சொன்னவ.”

“இது தின்னவோ? நடவெல்லோ.”

அடி விழும் என்று கதவைப் பார்த்தேன். விழவில்லை.

“திரும்ப முளைக்கும்,” என்றார் அம்மாவைப் பார்த்து. “நவம்பரில கிழங்கு கிண்டி எடுத்திருக்கலாம். இனிக் கிறிஸ்மஸ் ஆகும்.”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் கணக்குக் கொப்பியைத் திருத்துகிற மனிதரே பிழை விடுகிறார்.

“விசா அக்டோபரில முடியுதெல்லே? நவம்பரே பிழை. கிறிஸ்மஸ் அதைவிடப் பிழை.”

“வாயை மூடிக்கொண்டு இரு,” என்றார் அம்மா. என்னிடம்தான் சொன்னார்; கண் அப்பாவில் இருந்தது.

அப்பா ஒவ்வொரு கிழங்காக எடுத்து, மிச்ச முளைக்கண் எது என்று தடவி, அது மேலே பார்க்கும்படி தட்டில் வைத்தார். பாவம், கூட்டல் கழித்தல் மறந்துபோன மனிதர் என்று இரங்கி, பக்கத்தில் குந்தியிருந்து மாதங்களை விரல் மடித்து எண்ணிக் காட்டினேன். பொறுமையாக, மூன்று தரம்.